பதினொரு நிமிட ஏணி

ஆர்டிஸ் டோலஃப்ஸ்ரூட் அம்மையார் இருபத்தாறு வருடம் வீடுகளுக்கும் தானியக் கொட்டகைகளுக்கும் பெயின்ட் அடித்தவர். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஏணியிலிருந்து விழுந்ததில்லை. அமெரிக்காவின் மேற்கு மினசோட்டாவில் அவருடைய ஊரான ஹௌக்டாலில் இது பெருங்குறையாகவே கருதப்பட்டது. விழுந்தவர்களுக்கு ஆளுக்கொரு கதை இருந்தது. மழை வருவதை முன்கூட்டியே சொல்லும் முழங்கால் இருந்தது. தேவாலயத்தின் கட்டடக் கமிட்டியில் இடமும் இருந்தது. ஆர்டிஸிடம் இருந்தது ஒரு கயிறு மட்டுமே.

ஏணி சாத்த அவருக்குப் பதினொரு நிமிடம் ஆகும். முதலில் தரையைப் பெருக்குவார். ஆம், துடைப்பத்தால், புல்தரையை. பிறகு ஏணியைச் சாத்தி, அதன் காலில் தன் ஷூ முனை படும்படி நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் நேராக நீட்டுவார். தோளுயரத்துப் படியில் உள்ளங்கை கச்சிதமாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் ஏணி அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது, முழங்கை மடங்கினால் நெட்டுக்குத்தாக நிற்கிறது. இரண்டுக்கும் அவர் அகராதியில் ஒரே பெயர், ஆஸ்பத்திரி. அடுத்து இரண்டு இரும்பு முளைகளை மண்ணில் அறைந்து ஏணியின் கால்களை அவற்றோடு கட்டுவார். கூரை விளிம்புக்கு மேல் மூன்று படி நீண்டிருக்கிறதா என்று எண்ணுவார். கடைசியில் மேலே போய், விளிம்புக்கு அடியிலுள்ள கட்டையில் ஒரு வளைய ஆணியைத் திருகி, ஏணியின் தலையையும் அதில் இழுத்துக் கட்டுவார். கட்டி முடித்ததும் ஓர் உலுக்கு. கொட்டகை ஆடினாலும் ஆடும், ஏணி ஆடாது.

"ஆர்டிஸ், அது ஏணிம்மா. அவுத்துக்கிட்டு ஓடிடாது," என்பார்கள் போகிற வருகிறவர்கள்.

"ஓடுனா உங்க வீட்டுப் பக்கந்தான் வரும். கட்டிப் போட்டிருக்கேன்னு சந்தோஷப்படுங்க," என்பார் ஆர்டிஸ், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊரில் அவர் ஏறாத கூரை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சீயோன் தேவாலயத்தின் கூரை.

அந்தக் கூரை மூன்று வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்தது இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில். ஆனால் ஹௌக்டால் லூத்தரன்கள் ஏழாவது வரிசைக்கு முன்னால் உட்காருவதில்லை. ஆண்டவருக்கு அருகில் போய் உட்கார்ந்து அவரைச் சங்கடப்படுத்துவானேன் என்ற பணிவு. ஆகவே தண்ணீரே தரையோடு தவழ்ந்து ஏழாவது வரிசைக்கு வந்து ஒருவரின் காலுறையை நனைத்தபிறகுதான் விஷயம் கமிட்டிக்குப் போனது.

"நான் ஏறிச் சரி பண்ணித் தரேன்," என்றார் ஆர்டிஸ் அன்றே.

கமிட்டித் தலைவர் லோவல் பிரெக்கே தாடையைத் தடவினார். "அதுவும் ஒரு யோசனதான்," என்றார். ஹௌக்டாலில் யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லின் வேலையை இந்த வாக்கியம் பார்த்துவந்தது. மூன்று இலையுதிர்காலம் ஆர்டிஸ் கேட்டார், மூன்று முறையும் அது ஒரு யோசனையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவரை மரியாதையோடு சமையலறைக்கு அனுப்பி உருளைக்கிழங்கு உரிக்க விட்டார்கள். அவரும் உரித்தார். ஆனால் ஏப்ரன் பையில், கத்திக்குப் பக்கத்தில், அந்தக் கூரைக்கென்று எடுத்துவைத்த வளைய ஆணி ஒன்று மூன்று வருடமாகக் கிடந்தது.

அந்த அக்டோபர் சனிக்கிழமை மாலை, தேவாலயத்தின் வருடாந்திர மீன் விருந்து. சாம்பல் கார நீரில் ஊறி, கூழாகி, மணத்தால் மூன்று தெருவுக்கு அழைப்பு விடுக்கும் அந்த மீனுக்காக முந்நூறு பேர் வருவார்கள். அவர்கள் நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை தேவாலய பெஞ்சுகளில் காத்திருப்பார்கள், முதல் வரிசையிலிருந்தே. மாலையில் மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது. பக்கத்து ஊர்க்காரன் தலையில் நம் கூரைத் தண்ணீர் சொட்டுவதா? லோவல் காலையிலேயே தார் வாளியோடு வந்து சேர்ந்தார்.

சமையலறை ஜன்னலிலிருந்து ஆர்டிஸ் பார்த்தார். ஏணியின் கால்கள் ஈர இலைக்குவியலின் மேல். தலைப்பக்கம் விளிம்புக்கு மேல் ஒரே ஒரு படி. கயிறு எங்கும் இல்லை.

"லோவல், கீழ எல கெடக்கு போல," என்றார் ஜன்னலைத் திறந்து. அந்த ஊர் வழக்கப்படி இது அலறல்.

"கெடக்கு. அக்டோபராச்சே."

"ஈரமாவும் இருக்கு போல. கயிறு என் வண்டியிலயே இருக்கு."

"கயிறு எதுக்கும்மா? ஆர்வ் பிடிக்கிறாரு. எறநூத்தி அறுபது பவுண்டு. எந்தக் கயிறு அவ்ளோ கனம் இருக்கும்?"

ஆர்வ் நைகார்ட் ஏணியை இரு கைகளாலும் பற்றியபடி பெருமையோடு தலையசைத்தார். லோவல் மேலேறிக் கூரைச் சரிவில் மறைந்தார்.

சரியாகப் பத்து மணிக்குக் காப்பி மணி அடித்தது. சமையலறையில் காப்பியைக் கவனித்துக்கொண்டிருந்த டெலோரெஸ் கதவருகில் வந்து நின்றார்.

"ஆர்வ், காப்பி ஆயிடுச்சு, வாங்க."

"ஐயையோ, வேணாம்மா. ஏணியப் பிடிச்சிட்டிருக்கேன்."

உள்ளே ஆர்டிஸின் கத்தி நின்றது. ஹௌக்டாலில் முதல் அழைப்பு சும்மா. இரண்டாவது ஒத்திகை. மூன்றாவதுதான் அழைப்பு. மூன்றாவதையும் மறுத்தவர்கள் ஊரில் உண்டு, ஆனால் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க. பூசணி கேக் வேற இருக்கு."

"உங்களுக்கு எதுக்கும்மா வீண் சிரமம்."

"டெலோரெஸ்! மறுபடியும் கூப்பிடாத!" என்று கத்திக்கொண்டே ஆர்டிஸ் ஈரக்கையோடு எழுந்தார். ஆனால் இரண்டு முறை மறுத்தவரை மூன்றாம் முறை கூப்பிடாமல் விட டெலோரெஸுக்கு மனம் வருமா?

"ஒரு துண்டாவது சாப்பிடுங்க."

"சரி, சின்னதா ஒண்ணு," என்று ஆர்வ் ஏணியை விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

ஆர்டிஸ் வாசலை எட்டுவதற்குள் தகரம் கிழிவது போல ஒரு சத்தம், பிறகு தொம்மென்று ஒன்று. ஏணி புல்லில் மல்லாந்து கிடந்தது. இறங்குவதற்காக லோவல் முதல் காலை வைத்திருக்கிறார், ஏணியின் கால்கள் இலையில் வழுக்கிப் பின்னால் ஓடியிருக்கின்றன. நல்லவேளை, மற்றக் கால் கூரையில் இருந்தது. இப்போது அவர் விளிம்புக்குச் சற்று மேலே, சாய்ந்த கூரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். உதவி கேட்டு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. காப்பி நேரத்தில் மற்றவர்களைத் தொந்தரவு செய்வது முறையல்ல.

"எப்படி இருக்க, லோவல்?"

"மோசமில்ல. நல்ல காத்து வருது."

"எறங்குறியா?"

"அவசரம் ஒண்ணுமில்ல. நீ காப்பிய முடிச்சிட்டு வா."

ஒன்று, என்று எண்ணினார் ஆர்டிஸ். "மேகம் கறுத்துட்டு வருதே. எறங்குறியா?"

"ஒனக்கு எதுக்கு வீண் வேல?"

இரண்டு. இதற்குள் சமையலறை முழுக்கக் கோப்பைகளோடு வெளியே வந்துவிட்டது. ஆர்டிஸ் மூன்றாவதை உடனே கேட்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்தார். வானத்தைப் பார்த்தார். முப்பத்தேழு உருளைக்கிழங்கு இன்னும் உரிக்க வேண்டும் என்று பொதுவாக ஒருமுறை சொன்னார். மூன்று வருடம் ஒருவரை யோசனையாகவே வைத்திருந்தவர் அரை நிமிடம் யோசிக்கட்டும்.

"கடைசியாக் கேக்குறேன் லோவல். ஏணி வைக்கவா?"

"வை தாயி," என்றார் லோவல்.

ஆர்டிஸ் தன் வண்டிக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தார். யாரும் சிரிக்கவில்லை. இலைகளைப் பெருக்கித் தள்ளினார். ஏணியைச் சாத்தினார், ஷூ முனையை வைத்தார், கைகளை நீட்டினார், ஏணியின் காலை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினார், மறுபடியும் நீட்டினார். முளைகளை அறைந்தார். மேலிருந்து லோவல், "பரவால்ல ஆர்டிஸ், அவ்ளோ போதும்," என்றார். ஆர்டிஸுக்கு அது காதில் விழவில்லை.

"ஆர்வ், இங்க வா. மேல நான் கட்டி முடிக்கிற வரைக்கும் பிடிச்சிக்க. யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது."

"போக மாட்டேன்."

"மூணு தடவ கூப்பிட்டாலும்?"

ஆர்வுக்கு வியர்த்தது. உதட்டில் பூசணி கேக் ஒட்டியிருந்தது. "மூணு தடவ கூப்பிட்டாலும்," என்றார், குடும்பத்தையே துறப்பவர் போல.

ஆர்டிஸ் ஏறினார். ஏப்ரன் பையிலிருந்து அந்த வளைய ஆணியை எடுத்துக் கட்டையில் திருகினார். மூன்று வருடமாகக் காத்திருந்த ஆணி, மரத்துக்குள் முனகிக்கொண்டே இறங்கியது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஓர் உலுக்கு. ஆடவில்லை. நீண்டிருந்த மூன்று படிகளைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடியெடுத்துவைத்து, சீயோன் தேவாலயத்தின் கூரையில் கால் பதித்தார்.

கீழே யாரோ கைதட்டிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

லோவல் ஏணியைப் பார்த்து நகர்ந்தார். "இரு," என்றார் ஆர்டிஸ். "தார எங்க பூசுன?"

லோவல் சுட்டிக்காட்டினார். மூன்றாவது பெஞ்சுக்கு நேர் மேலே, கேக்குக்குக் க்ரீம் தடவியது போலப் பளபளத்தது.

"சொட்டுற எடம் வேற, நொழையுற எடம் வேற லோவல். தண்ணி மேலருந்து வருது." புகைபோக்கியின் அடியில் தகடு வாய்பிளந்திருந்ததை அவர் மூன்று வருடமாகத் தெருவில் நின்றே பார்த்துவந்தார். "வந்தது வந்துட்ட. வாளியத் தூக்கிட்டு வா."

கட்டடக் கமிட்டித் தலைவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆணி கேட்டபோது ஆணி கொடுத்தார். தகட்டைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தார். பதினொன்றே காலுக்கு முதலில் லோவல் இறங்கினார், பிறகு ஆர்டிஸ். ஆர்வ் அப்போதும் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார், அது கட்டப்பட்டு ஒரு மணி நேரம் ஆகியும்.

மாலையில் மழை வெளுத்து வாங்கியது. மூன்றாவது பெஞ்சில் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆறு பேர் நம்பர் சீட்டோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு சொட்டு விழவில்லை. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஹௌக்டால்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஏதோ வேலையிருப்பது போல அந்த பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆர்டிஸ் நான்கு தட்டு மீன் சாப்பிட்டார்.

ஜனவரியில் ஆண்டுக் கூட்டம். லோவல் எழுந்து, முழங்கால் காரணமாகத் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகவும், தன் இடத்துக்கு ஆர்டிஸ் டோலஃப்ஸ்ரூட்டை முன்மொழிவதாகவும் சொன்னார்.

"சம்மதமா ஆர்டிஸ்?" என்று கேட்டார் போதகர். இரண்டாவது தடவை கேட்பதற்காக மூச்சையும் இழுத்துக்கொண்டார். முதல் மறுப்பை எழுதிக்கொள்ளச் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"சம்மதம்," என்றார் ஆர்டிஸ்.

கூட்டம் அதிர்ந்தது. முதல் தடவையிலேயே! டெலோரெஸ் வாயைப் பொத்திக்கொண்டார். போதகரின் மூச்சு வெளியே வர வழி தெரியாமல் நின்றது. எழுத எதுவுமில்லாத செயலாளர் பேனாவை மூடினார்.

ஆர்டிஸ் அதற்குள் எழுந்து முன்னால் போய்விட்டார். ஏணியில் ஆள் இருக்கும்போது காப்பி மணி அடிக்கக் கூடாது என்பது முதல் தீர்மானம் என்று அறிவித்தார். பிறகு தலைவருக்குரிய நாற்காலியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.