இறங்காத சோறு

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் கன்டெய்னர் என்று சொல்வதில்லை, பெட்டி என்றுதான் சொல்வோம். மேலே கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, காலுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி பெட்டியை இறக்கி டிரெய்லரில் வைக்க வேண்டும். கழுத்து வலிக்குமே தவிர, எனக்குப் பிடித்த வேலை அது.

சர்க்கரை நோய் எனக்கு முப்பதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது. சில வருடம் மாத்திரை, அது போதாமல் பிறகு இன்சுலின். சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் ஊசி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் வேலை. வருடாந்தரப் பரிசோதனையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே நெடுங்காலம் ஓடியது.

மாற்றம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மதிய ஷிஃப்ட்டுக்கு முன் வீட்டில் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போவேன். கிரேனில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வேர்க்கும். சோதித்தால் சுகர் அறுபதுக்குப் பக்கத்தில் நிற்கும். வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு எப்படிக் குறையும் என்று எனக்கே புரியாது. பையிலிருக்கும் குளுக்கோஸைக் கரைத்துக் குடிப்பேன். சாயங்காலம் டீ குடிக்க இறங்கும்போது பார்த்தால் முந்நூறைத் தாண்டியிருக்கும். அதற்குத் தனியாக ஓர் ஊசி. வீட்டுக்குப் போனால் மறுபடி நடுக்கம்.

என் மனைவி நாசரேத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குக் கணக்கு உதைத்தது.

"என்னங்க, மறைக்காம சொல்லுங்க. சாயங்காலம் வெளிய என்ன திங்கீங்க?"

"ஒண்ணும் திங்கலை. பால் இல்லாத டீ, அவ்வளவுதான்."

"டீ குடிச்சா முந்நூறு வருமா? பேக்கரியில மக்ரூன் வாங்கித் தின்னீங்களா?"

நான் தின்னவில்லை. ஆனால் நிரூபிக்க வழியில்லை. கேட்டவர்கள் எல்லோருமே அதையே கேட்டார்கள். எங்கள் கம்பெனி மருத்துவரும் லேசாகச் சிரித்துக்கொண்டு, "வாயைக் கட்டுங்க அண்ணாச்சி" என்றார். கட்டிய வாயோடு எத்தனை நாள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது?

கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மருந்து கலந்த இட்லியைத் தின்னக் கொடுத்து, மணிக்கொரு தரம் ஒரு கருவியின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். தின்ற இட்லி வயிற்றைவிட்டு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பதற்கு. மதியம் தாண்டியும் முக்கால்வாசி இட்லி வயிற்றிலேயே கிடந்தது. படத்தில் வெள்ளையாக, அசையாமல்.

மருத்துவர் ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். "பல வருஷ சர்க்கரையால வயித்துக்குப் போற நரம்பு கெட்டுப்போச்சு சார். நீங்க போடுற ஊசி உடனே வேலை செய்ய ஆரம்பிக்குது. சோறு இறங்கவே இல்லை. அதனாலதான் முதல்ல குறையுது. ஊசியோட வேகம் தீர்ந்த பிறகு சோறு இறங்குது. அப்ப அதைப் பிடிக்க உடம்புல இன்சுலின் இல்லை."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. எனக்கு அந்த நிமிடம் சந்தோஷம்தான். நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு படம் சொல்லிவிட்டது.

"சரியாயிருமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"சமாளிக்கலாம்மா."

இருபது வருடம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். சந்தோஷம் அங்கேயே முடிந்தது.

சமாளிக்கத்தான் பார்த்தோம். சாப்பிட்ட பிறகு பாதி ஊசி, சுகர் ஏறத் தொடங்கும்போது மீதிப் பாதி. கீரை, பயறு, நார் உள்ள எதுவும் கூடாது. எண்ணெய் கூடாது. சோற்றைக் குழைய வடித்து மிக்ஸியில் அடித்துத் தருவாள். கையில் ஒட்டிய சென்சாரை ஃபோன் வைத்துப் பார்த்தால் எண் தெரியும், பக்கத்தில் ஓர் அம்புக்குறி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். சோறு வயிற்றைவிட்டு இறங்க ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அது கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே கஞ்சி, ஒரே அளவு ஊசி, அப்படியிருந்தும் இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி. அதுதான் பொறுக்கவில்லை. இன்று சீக்கிரம் ஏறும், நாளைக்கு விளக்கு வைக்கும் நேரம் வரை ஏறாமல் கிடந்து பிறகு ஒரேயடியாக ஏறும். என் மனைவி கணக்கு டீச்சர் என்பதால் எதிலும் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று நம்புகிறவள். கஞ்சியைக் குறைத்தாள், கூட்டினாள், நேரத்தை மாற்றினாள். ஒரு நாள் ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு, "இதுக்கு விடையே இல்லைங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கிரேன் போனது அந்தச் சமயத்தில்தான். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது கீழே இருந்த டிரெய்லர் இரண்டாகத் தெரிந்தது. லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பெட்டி அந்தரத்தில் நின்றது. வாக்கி-டாக்கியில் கீழேயிருந்து, "அண்ணாச்சி, இறக்குங்க... அண்ணாச்சி, கேக்குதா?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கேட்டது. பதில் சொல்ல நாக்கு வரவில்லை. கீழே டிரைவர் டிரெய்லரை விட்டு இறங்கி ஓடுவது தெரிந்தது. மாற்று ஆபரேட்டர் ஏறி வந்து என் வாயில் குளுக்கோஸைப் போட்டு, என்னைத் தள்ளி உட்கார வைத்துவிட்டுப் பெட்டியை இறக்கினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் தயங்குவதைப் பார்த்து நானே சொன்னேன்: "இனி மேல ஏத்தாதீங்க சார்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டில் உட்கார்ந்து உள்ளே வரும் லாரிகளில் பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் கிரேன் தெரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடம் சாத்தான்குளம் பக்கத்தில் என் மச்சினன் இருக்கும் ஊரில் கிறிஸ்தவக் கோயில் பண்டிகை. பண்டிகையன்று சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம் நடக்கும். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். நான் பரிமாற எழுந்தேன். மச்சினன் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"ஒரு நாள் உக்காருங்க அத்தான். எத்தனை வருஷமாச்சு நீங்க பந்தியில இருந்து?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் எதிர் வரிசையில் இருந்தாள். கொஞ்சம் யோசித்து, தலையை ஆட்டினாள்.

சாப்பிட்டேன். கறியின் ருசியை நாக்கு மறக்கவில்லை. குறைவாகத்தான் சாப்பிட்டேன், மென்று மென்று சாப்பிட்டேன். பாதி ஊசி போட்டுக்கொண்டேன். வெகுநேரம் எதுவும் ஏறவில்லை. குறையவுமில்லை. வேப்பமரத்தடியில் மச்சினனோடு பேசிக்கொண்டிருந்தோம், மனைவி பழைய சிநேகிதிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறினோம்.

குரும்பூர் வரும்போது அம்பு மேல்நோக்கி நின்றது. இருநூற்றைம்பது, முந்நூறு. சரி, இப்போதுதான் சோறு இறங்குகிறது என்று மீதி ஊசியையும் போட்டேன். விதிப்படிதான் செய்தேன். ஊசி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் வயிறு புரட்டியது. கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். ரோட்டோரத்தில் குனிந்து, மதியம் தின்றதில் இறங்கியது கொஞ்சம்தான் என்பது போல, மீதிச் சோற்றையும் கறியையும் அப்படியே கக்கினேன். மென்றது மென்றபடி கிடந்தது.

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது: ஊசி உள்ளே இருக்கிறது, அது பிடிக்க வேண்டிய சோறு மண்ணில் கிடக்கிறது.

பஸ்ஸில் ஓர் அம்மா பையிலிருந்த கருப்பட்டியை உடைத்துக் கொடுத்தார். வாயில் போட்டதைத் தண்ணீரோடு கக்கினேன். என் மனைவி கருப்பட்டியை விரலில் நனைத்து ஈறில் தேய்த்துக்கொண்டே வந்தாள். "பேசுங்க, என்கிட்ட ஏதாவது பேசுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. என்ன பேசினேன் என்று தெரியாது. தூத்துக்குடியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்தில் நேராகக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண்ணைத் திறந்தேன். அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். பண்டிகைச் சேலை முழுக்கக் கருப்பட்டிக் கறை.

"ஒரு நாளாவது உங்களை நிம்மதியா சாப்பிட விட்டுப் பாக்கணும்னு நெனச்சேங்க" என்றாள். "நான் தலையை ஆட்டியிருக்கக் கூடாது."

"உன்மேல என்ன இருக்கு? மத்த நாள் மட்டும் என்ன வாழ்ந்துச்சு?"

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு நாங்கள் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. அழைக்க வருகிறவர்களும், வந்தால் இவன் சாப்பிட மாட்டான் என்று பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுச் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். சென்ற முறை மதுரைக்குப் போனபோது அதே மருத்துவர் கிட்னியும் தளர ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். வயிற்றில் கருவி வைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் கேட்பதில்லை என்றார். அவர் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. அவரும் களைத்துவிட்டார் என்று தோன்றியது.

நேற்று நான் கேட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் அடுக்களை வாசலில் நின்றாள்.

"நாளைக்கு என்ன ஆக்க?"

"ஏளா, எதை ஆக்குனாலும் ஒண்ணுதான்."

அவள் மறுத்து ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் உள்ளே போய் அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.