பூட்டிய வீட்டில் கொதிக்கும் கஷாயம்

செத்துப்போன வைத்தியர் இன்னும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கிறார் என்று சலூன்காரர் சொன்னபோது, அவருடைய கத்தி என் தொண்டைக்குழிமேல் இருந்தது. அந்த நிலையில் யார் எதைச் சொன்னாலும் நம்புவதே உடம்புக்கு நல்லது. நம்பினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் சந்தேகம் தலைகாட்டியது.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்க என்ன சார் இருக்கு? முன்பக்கம் பூட்டு அப்படியே தொங்குது, உள்ளே கொதிக்குது. தினம் ஒரு வாசனை. யார் குடிச்ச மருந்தோட வாசனை வருதோ, அவங்களை அவர் கூப்பிடறாருன்னு அர்த்தம். உடனே ஜன்னலைச் சாத்திடணும். சாத்தலைன்னா..." மீதியைச் சொல்லாமல் கத்தியை மடக்கினார்.

"உங்களைக் கூப்பிட்டாரா?"

"போன வாரம். மூட்டுவலிக்குக் குடிச்சேனே, அது. ஷட்டரையே இழுத்து விட்டுட்டேன். பாதி சவரத்தோட ஒருத்தர் உள்ளே மாட்டிக்கிட்டு அலறினாரு, பாவம்."

வைத்தியர் என்றால் வாசலில் பலகை மாட்டிய வைத்தியர் அல்ல. தெரு அவரைப் பொட்டலக்காரர் என்றுதான் அழைத்தது. வேரையும் பட்டையையும் பழுப்புக் காகிதத்தில் மடித்துத் தருவார். மேலே பெயர் எழுதமாட்டார். என்ன மருந்து, எதற்குக் குடிக்கிறோம் என்பதைக் கட்டிலில் பக்கத்தில் படுப்பவரிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். யார் வீட்டில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதுவரை விரல்நுனியில் வைத்திருக்கும் அந்தத் தெரு, இந்த ஒரு ரகசியத்தை மட்டும் கட்டிக் காத்தது.

வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நான், விடுவேனா? மறுநாள் சாயங்காலம் போனேன். மழை வரப்போவதுபோல் வானம் மூடிக் கிடந்தது. எதிரே ஒருவர் வந்தால் நாம் படியேறி வழிவிட வேண்டிய அளவுக்குக் குறுகலான தெரு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் மாடி ஜன்னல்கள். நடுவில் டெய்லர் கடை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வீடு பொட்டலக்காரருடையது. பூட்டில் துரு. படியில் காய்ந்த இலைகள், பெருக்க ஆளில்லாமல்.

வாசனை வந்தது. முதலில் ஈரமண் போல. அப்புறம் ஒரு கசப்பு, மூக்கின் அடியில் போய்ப் படிந்துகொள்கிற கசப்பு. தெருவில் பேச்சு நின்றது. மெஷின் நின்றது. இடப்பக்கம் ஒரு ஜன்னல் மெல்ல மூடிக்கொண்டது. எதிர்ப்பக்கம் இன்னொன்று. யாரும் தலையை நீட்டவில்லை. கைகள் மட்டும் வெளியே வந்தன, கதவைப் பற்றின, உள்ளே போயின. நான் அவரிடம் ஒரு பொட்டலமும் வாங்கியவனில்லை. இருந்தும் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

பின்பக்கச் சந்துக்குச் சுற்றிப் போனேன். அங்கே ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன் முன்னால் குழந்தைகளை எடைபோடும் தராசு கட்டியிருந்தது. பேய்கள் தராசோடு அலைவதாக நான் கேள்விப்பட்டதில்லை. பின்கதவைத் தள்ளினேன்.

"வந்ததுதான் வந்தீங்க, கதவைச் சாத்துங்க சார். காத்து திரும்புது," என்றார் நர்ஸம்மா.

சுகாதார நிலையத்தின் நர்ஸ் அவர். அந்தப் பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பவர், பிள்ளைகளுக்கு ஊசி போடுபவர், பிள்ளைகளைவிட அதிகமாகப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளியும் தகப்பன்மாரைக் காலைப் பிடித்து இழுப்பவர். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி வெளியூர். "மீதிப் பாதி வீட்ல இருக்காருன்னு யார் சொன்னா? தூக்கத்துல இருப்பாரு," என்பார். மகள் பள்ளியிலிருந்து வந்ததும், "இன்னிக்கு நீ யார் வீட்டு வாசனைம்மா?" என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் கட்டிக்கொள்வாளாம். அடக்கம் என்பது நர்ஸம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. "என் ஊசி வலிக்குதுன்னு சொன்னவன் இந்த ஏரியாவுலயே பொறக்கலை," என்பார். பிறந்தவர்கள் எல்லாரும் அலறுவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இப்போது ஸ்டவ்மேல் பானை. பானைக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன், மூடிய முன்ஜன்னலின் இடுக்கைப் பார்த்து ஆவியைத் தள்ளிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பழுப்புப் பொட்டலங்கள். செத்தவரின் செருப்பு கதவோரம் ஜோடியாக இருந்தது. அவர் உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்த பள்ளமும் இருந்தது.

"அப்ப நீங்கதானா பேய்?"

"அரசாங்கப் பேய் சார். லீவு நாள்ல வரமாட்டேன்."

அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். டெய்லரின் மனைவிக்குக் கண் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. டாக்டர் எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டார். கிருமி இல்லை, கல் இல்லை, ஈரல் மட்டும் கெட்டுக்கொண்டே போகிறது. "எதையோ குடிக்கிறாங்க. அதை நிறுத்தலைன்னா ஆள் தங்காது. என்னன்னு கண்டுபிடிங்க," என்று நர்ஸம்மாவை அனுப்பியிருக்கிறார்.

"கேட்டா, 'ஒண்ணும் குடிக்கலைக்கா'ங்கறா. சொன்னா பலிக்காதே! அவ பெட்டியைக் கிளற எனக்கு உரிமை கிடையாது. புருஷனைக் கேட்டேன். 'என் வீட்டுக்காரி தண்ணி குடிச்சாலும் எனக்குத் தெரியாம குடிக்கமாட்டா'ன்னாரு. ஊர் இடுப்பை எல்லாம் அளக்கற மனுஷனுக்கு வீட்டு இடுப்பு பாதியானது தெரியலை."

"பச்சிலையே வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"ஏன் சொல்லணும்? சளி பிடிச்சா என் மகளுக்கே இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுத்தான் குடுக்கறேன். இலை மேல எனக்கு என்ன கோபம்? மறைக்கறாங்க பாருங்க, அதுதான். சர்க்கரைக்கு என்கிட்ட மாத்திரை, இவர்கிட்ட பொட்டலம். எனக்குத் தெரியாம அது, அவருக்குத் தெரியாம இது. ரெண்டும் உள்ளே போய்க் கைகோத்துக்கிட்டா ஆளு நடுத்தெருவுல மயங்கி விழறாரு."

சாவி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். நாற்காலியைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். பொட்டலக்காரர் கடைசிவரை நர்ஸம்மாவின் பிரஷர் மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாராம். "வெளியில சொல்லிடாதீங்க நர்ஸம்மா, சொன்னா பலிக்காது," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். அவருக்குச் சொந்தம் என்று யாருமில்லை. சாவியை இவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்தப் பொட்டலம் யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அதான் ஒண்ணொண்ணா காய்ச்சறேன். இவங்களுக்குத் தங்களோட மருந்து பேரு தெரியாது, வாசனை தெரியும். வாயைத் திறக்கமாட்டாங்க. ஜன்னலை மூடுவாங்க இல்ல?"

"செத்தவர் கூப்பிடறாருங்கற கதை?"

"சலூன்காரருக்குப் பிரஷர் பார்க்கும்போது காதுல போட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு சொல்லிப் போட்டேன். ஒரே நாள்ல தெரு முழுக்க ஏறிடுச்சு."

பானையைக் கழுவி இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார். முடிச்சு முடிச்சாக ஏதோ ஒரு வேர். ஸ்டவ்வின் நெருப்பைத் தூண்டிவிட்டு இடுக்கில் கண்ணை வைத்தார். நானும் பக்கத்து இடுக்கில் வைத்தேன். இந்த முறை வந்த வாசனையில் கசப்பில்லை. மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்தால் வரும் பழந்துணி வாசனைபோல இருந்தது. கொட்டாவி வந்தது.

ஒரு ஜன்னலும் மூடவில்லை.

"இதுவும் இல்ல போல," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், பாதி சாத்திக் கிடந்த டெய்லர் வீட்டு மாடி ஜன்னல் விரியத் திறந்தது. அவருடைய மனைவி வெளியே சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை நீட்டி, அந்த ஆவியை இழுத்தார். கூந்தலில் முகம் புதைப்பதுபோல அவ்வளவு ஆசையாக இழுத்தார். அடுத்த நொடி ஜன்னல் காலியாக இருந்தது.

"ஐயோ, வர்றா," என்றார் நர்ஸம்மா. ஸ்டவ்வை அணைத்தார். ஃபேனை நிறுத்தினார். "பயமுறுத்தத்தான் பார்த்தேன். கூப்பிட்டா கிளம்பி வர்ற ஆளும் இருக்கும்னு யோசிக்கவே இல்லையே!"

செருப்புச் சத்தம் படியேறி நின்றது. துருப்பிடித்த பூட்டு ஒருமுறை ஆடியது.

"ஐயா."

நாங்கள் இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தோம்.

"ஐயா, இருக்கீங்கன்னு தெரியும். நீங்க போயிட்டதா எல்லாரும் சொல்றாங்க. இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன். கண்ணு மஞ்சளாகுது. மருந்து பத்தலையா? நீங்க குடுத்தது பெட்டி நிறைய இருக்கு. இன்னிலேர்ந்து ரெண்டு பங்கா கூட்டிக் குடிக்கட்டுமா?"

நர்ஸம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. "பேசுங்க," என்று உதட்டை மட்டும் அசைத்தார். நானா என்று தலையால் கேட்டேன். "என் குரல் அவளுக்குத் தெரியும். பேசுங்க சார்!"

வாழ்நாளில் எத்தனையோ பேர் சார்பாகப் பேசியிருக்கிறேன், பெரும்பாலும் அவர்கள் கேட்காமலே. செத்தவர் சார்பாக அதுதான் முதல்முறை.

"வேண்டாம்," என்றேன். தொண்டை கட்டியிருந்ததால் குரல் யாருடையதோபோல வந்தது. "நிறுத்திடும்மா. இனி ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. எல்லாத்தையும் நர்ஸம்மா கையில குடுத்துட்டு அவங்க சொல்றபடி கேளு."

வெளியே வளையல் கதவில் உரசியது.

"அப்ப தூக்கம் வராதே ஐயா," என்றது குரல், கதவுக்கு மிக அருகில். "கீழ விடிய விடிய மெஷின் ஓடுது. கண்ணை மூடினா ஊசி தலைக்குள்ள தைக்குது."

"வேற தர்றேன்," என்று பதில் போயிற்று.

"சரிங்க ஐயா. டம்ளரை ஜன்னல்ல வைக்கறேன்."

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. நர்ஸம்மா என் கையை விட்டார்.

"மத்ததெல்லாம் சரி. அந்த வாக்கை எதுக்கு சார் குடுத்தீங்க? வேற என்னத்தைத் தருவீங்க?"

"நான் எங்கே குடுத்தேன்? நீங்கதானே சொன்னீங்க?"

"என் தொண்டை அப்படியா இருக்கும்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் நாற்காலியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பின்கதவு வழியாக வெளியேறியபோது, யார் முதலில் போவது என்ற மரியாதையை இருவருமே பார்க்கவில்லை.

மறுநாள் காலை டெய்லரின் மனைவி பெட்டியோடு வந்து எல்லாப் பொட்டலங்களையும் நர்ஸம்மாவின் மடியில் கொட்டினார். அதே வேர்தான். ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் தங்கியிருக்கமாட்டார் என்றார் டாக்டர். கண் மெல்ல வெளுத்தது. வீடு திரும்பினார். டெய்லர் மெஷினை அடுத்த தெருவில் ஓர் அறைக்கு மாற்றிவிட்டார். மனைவியின் ஜாக்கெட்டுகளை எல்லாம் முதன்முறையாக அளவெடுத்துப் பிடித்துத் தைத்தும் கொடுத்தார். நர்ஸம்மா மிச்சப் பொட்டலங்களைக் குழிவெட்டிப் புதைத்து, வீட்டைப் பூட்டினார். இனி எழுதலாம் என்று எனக்கும் உத்தரவு கிடைத்தது. டெய்லரின் மனைவி என் பத்தியைப் படிப்பதில்லை. என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

வாசனை நின்றுவிட்டது. நிற்கவில்லை என்கிறார் சலூன்காரர். அவர் கையில் கத்தி இருக்கும்போது நான் விவாதிப்பதில்லை.

தூக்கம் மட்டும் அந்த அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. நர்ஸம்மா மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார், பகலில் படுக்காதே என்றார், டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிரஷர் பட்டையைக் கழற்றும் நேரத்தில் தவறாமல் கேட்கிறாராம்:

"அதெல்லாம் சரிக்கா. அவர் வேற தர்றேன்னாரே? அந்தப் பக்கம் போனா கொஞ்சம் ஞாபகப்படுத்துங்களேன்."

அந்தக் கடன் உங்களுடையது என்கிறார் நர்ஸம்மா. உங்களுடையதுதான் என்கிறேன் நான். மூன்றாவதாக ஒருவர் இருப்பதாக இரண்டு பேரும் சொல்வதில்லை. மாடி ஜன்னலில் டம்ளர் இருக்கிறது. காலையில் கழுவிக் கவிழ்க்கிறார். சாயங்காலம் நிமிர்த்தி வைக்கிறார்.