ஒற்றை ஆள் ஹெலிகாப்டரும் ஒரு சுண்ணாம்பு வட்டமும்

ஞாயிற்றுக்கிழமை மதியம், சோறு போட்டுக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "நாம ஒரு ஹெலிகாப்டர் வாங்குனா என்ன?" என்று கணவர் கேட்டால், மனைவி முதலில் எந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று நான் சிரித்தேன். சிரித்தது தப்போ என்று உடனே நிறுத்தினேன். நிறுத்தியதும் நான் கோபித்துக்கொண்டேன் என்று அவர் நினைத்துவிட்டார். கோபம் இல்லை என்று காட்ட இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.

ஒரு நாற்காலி. அதன் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. பின்னால் தட்டானுக்கு இருப்பதுபோல் நீளமாக ஒரு வால். கதவு கிடையாது. ஓட்டுபவரின் கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன.

"இது பொம்மைதானங்க?"

"பொம்மையா? உள்ள மனுசன் உக்காந்துருக்கான், நல்லாப் பாரு."

"உள்ள எங்க இருக்காரு? வெளியதான இருக்காரு."

"காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

விலையை நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடிய வேண்டுமா என்பதில் எனக்கே தெளிவு இல்லை. ஏனென்றால் அவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு போடிநாயக்கனூரில். அவர் வேலை பார்ப்பது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில். திங்கட்கிழமை விடியும்போது தோட்டத்து ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். பதினேழு கொண்டை ஊசி வளைவு, அதற்குப் பிறகு சோதனைச் சாவடி, அதற்கும் பிறகு ரோடு என்று சொல்லக்கூடாத ஒரு ரோடு. ஆனால் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அந்த மலை கைக்கு எட்டுவதுபோல்தான் நிற்கும். "நேரா போனா பத்தே நிமிசம்" என்பார். காக்கைக்கு அது உண்மை.

எங்கள் மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு அப்பாவிடம் வெட்கம். மதியம் வரை என் சேலைக்குப் பின்னாலிருந்து பார்ப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் போவாள். சாயங்காலம் தோளில் ஏறிவிடுவாள். மறுநாள் அவள் எழுந்திருக்கும்போது தோள் போடிமெட்டைத் தாண்டியிருக்கும். பள்ளியில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னதற்கு என்னையும் தன்னையும் ஒரு ஜீப்பையும் வரைந்திருந்தாள். அப்பா எங்கே என்று மிஸ் கேட்டாராம். "உள்ள இருக்காரு" என்றாளாம். அந்தப் படத்தை அவர் பார்த்தார். அந்த வாரத்திலிருந்துதான் ஹெலிகாப்டர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார்.

ஆகவே நான் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. படித்தவள் என்பதால் சந்தேகங்களைக் கேட்டேன்.

"இதுல எத்தன பேர் போகலாம்?"

"ஒரு ஆளு."

"தோட்டத்துக்குக் கொண்டு போற அரிசி, மருந்து, பைப்பு எல்லாம்?"

"லோடு ஜீப்புல வரும்."

"அப்ப ஜீப்பு எப்படியும் மலைக்குப் போகும்."

"போகும்."

"அதுல ஒரு சீட்டு காலியா இருக்கும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார்.

சோதனைச் சாவடியை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்டேன். இறங்கி, எல்லாவற்றையும் காட்டிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வாராம். எங்கே இறங்குவீர்கள்? ரோட்டில்தான். பின்னால் வரும் வண்டிகள்? "காத்துக் கெடக்கட்டும். நான் எத்தன வருசம் காத்துக் கெடந்துருக்கேன்!" என்றார். ஆனி ஆடியில் எங்கள் ஊர்க் காற்று, மாடியில் காயப்போட்ட போர்வையை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்தக் காற்றில் இந்த நாற்காலி என்ன ஆகும் என்றேன். காற்றில்லாத நாளில் போவேன் என்றார். பனிமூட்டம்? பனிமூட்டம் இல்லாத நாளில். மழை? இப்படியே கழித்துக்கொண்டு வந்ததில் மாசியில் ஒரு பத்து நாள் மிஞ்சியது. மாசியில் காய் எடுப்பு இருக்காது, அவர் எப்படியும் பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

ஓட்டுபவரின் எடைக்கும் அந்த வீடியோவில் ஓர் எல்லை சொன்னார்கள். "நாளையில இருந்து கோதுமை தோசைதான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு துண்டு கறி கேட்டார்.

இறங்கும் இடம்தான் உண்மையான சிக்கல். மேலே ஏலச்செடிக்கு நிழல் மரம் இல்லாமல் முடியாது. அதனால் தோட்டம் முழுக்கக் கூரை போட்டதுபோல் மரம். வெட்டவெளி என்றால் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் ஜீப் திரும்புகிற இடம் ஒன்றுதான். கீழே எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி, கேபிள் வயர், பக்கத்து வீட்டு முருங்கை. ஆகவே அன்று சாயங்காலம் பக்கத்துக் கிராமமான சிலமலைக்குப் போனோம். அங்கே என் மாமனாருக்கு ரோட்டை ஒட்டி ஒரு தரிசு நிலம் இருக்கிறது. மாமா ஒரு விசேஷத்துக்கு உத்தமபாளையம் போயிருந்தார். எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து பார்ப்பது மட்டும்தான் திட்டம்.

இதற்கு மேல் நடந்தது என் தவறு. அவர் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, "இம்புட்டு போதும்" என்றார். எனக்கு மனது ஒப்பவில்லை. நான் கணக்கு படித்தவள். செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி, மாமா வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பால் சுத்தமாக ஒரு வட்டம் போட்டேன். வீடியோவில் வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருந்ததே என்று அந்த 'H' எழுத்தையும் பெரிதாகப் போட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, ஒரு குச்சியில் சிவப்புத் துணியும் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் தரிசில் சுண்ணாம்பு வட்டமும் நடுவில் அந்த எழுத்தும் இருந்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ மிகப் பெரியவர் வருகிறார். இது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு எப்படித்தான் நினைவுக்கு வராமல் போனதோ.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மாமா போனில் கூப்பிட்டார். "ஆத்தா, நம்ம தரிசுல யாரு வந்து எறங்குறா?"

விஷயத்தைச் சொன்னேன். "இங்க ஊரே கூடிக் கெடக்கு. எனக்குத் தெரியாம யாரும் வந்துருவாங்களான்னு இப்பத்தான் நாலு பேருகிட்டச் சொல்லிட்டு வந்தேன். நான் எந்த மூஞ்சியோட மாத்திச் சொல்றது? நீயே வெரசா வந்து சொல்லிரு."

பள்ளியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு பஸ்சில் போய் இறங்கினேன். ரோட்டோரத்துக் கருவேலஞ்செடிகளை வெட்டியிருந்தார்கள். தெருவில் கோலம். பிளீச்சிங் பவுடர் வாசனை. வட்டத்துக்குக் கிழக்கே ஒரு கட்சிக்காரர்கள் கொடி நட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கட்சிக்காரர்கள் மேற்கே நட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வருவது தங்கள் தலைவர்தான் என்பதில் சந்தேகமே இல்லை. பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். கையில் மனு இல்லாதவர்கள் குறைவு. மாமா எல்லாருக்கும் பின்னால், யாருக்கும் சம்பந்தமில்லாதவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

நான் வட்டத்தின் ஓரத்தில் நின்று, என் குரல் எனக்கே கேட்காதபடி, "இது எங்க வீட்டுக்காரருக்குப் போட்டது" என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு எப்பத்தா பதவிக்கு வந்தாரு?" என்றார் ஒரு பெரியவர்.

"பதவியெல்லாம் இல்லங்க. ஹெலிகாப்டர் வாங்குனா எறங்க எடம் பத்துமான்னு பாத்தோம்."

"வாங்கியாச்சா?"

"இல்ல."

"வாங்கப் போறாரா?"

"தெரியல."

இதைவிட மோசமான பதிலை ஒரு கூட்டத்துக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. நல்லவேளை, ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "எத்தன பேரு ஏறலாம் மாப்ளே?" என்று மாமாவைப் பார்த்து ஒருவர் கத்தினார். மாமா என்னைப் பார்த்தார். "ஒரு ஆளு" என்றேன்.

"ஒத்த ஆளு ஏறி எறங்கவா இம்புட்டு எடம்? இதுல நாலு மாடு கட்டலாமே!"

"அதுக்கு பைக்கே தேவலை. பின்னாடி பொண்டாட்டியாவது உக்காருவா."

மனு வைத்திருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடித்த தாளை என் கையில் திணித்தார். "எப்ப வாங்குனாலும் சரி ஆத்தா. பறக்கையில மேலருந்து பாக்கச் சொல்லு, எங்க ஓடையில எவன் எம்புட்டுத் தூரம் வேலி போட்ருக்கான்னு. கீழருந்து சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்றான்." சிறிய ஹெலிகாப்டரின் பயனைப் பற்றி நான் கேட்டதில் இதுதான் உருப்படியானது.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. மகளைத் தேடினேன். அவள் வட்டத்தின் நடுவில், அந்த எழுத்தின் மேல் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா, போகலாம்."

"அப்பா வரட்டும்."

"அப்பா சனிக்கிழமதான வருவாரு."

"அது ஜீப்புல. இது வேற."

இழுத்தால் அழுதாள். விட்டால் நின்றாள். மாமா மிட்டாய் வாங்கி வந்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மறுபடி வானத்தைப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் தோட்டத்துக்குப் போன் போட்டேன். ஸ்டோரில் இருந்த மலையாளக் காவல்காரர் எடுத்தார். "சார் தோட்டத்திலாணு. ஞான் பறயாம்" என்று, தானே சொல்லிவிடுவதாக வைத்துவிட்டார். என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இவர் கிளம்பிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் ஜீப் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவர், மகள் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெட்கப்படவில்லை. "ஜீப்ப இதுக்குள்ள நிப்பாட்டுங்கப்பா" என்றாள். டிரைவர் அண்ணன் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, வட்டத்துக்குள் சரியாக நிறுத்தினார். கரைத்த ஆரத்தியை வீணாக்க மனமில்லாத இரண்டு பெண்கள் ஜீப்புக்குச் சுற்றி, டிரைவர் அண்ணனுக்குப் பொட்டும் வைத்தார்கள்.

செவ்வாய் விடியலில் கிளம்பும்போது அவர் சொன்னார்: "ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு. நடுவுல ஒருநாள் வரலாம்னு எனக்கு ஏன் இத்தன நாளாத் தோணல?" எனக்கும் ஏன் தோன்றவில்லை என்று நானும் யோசித்தேன். வாரம் என்றால் சனிக்கிழமைதான் முடியும் என்று மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள், நாங்களும் இருந்துவிட்டோம்.

அதிலிருந்து புதன்கிழமை சாயங்காலம் இறங்கி, வியாழன் விடியலில் ஏறுகிறார். மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தோளில் ஏறிவிடுகிறாள். இதோடு முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இப்போது மழை பிடித்துக்கொண்டது. போன புதன்கிழமை ஆறு மணிக்கு வர வேண்டியவர் எட்டரைக்கு வந்தார். ரோட்டில் பாறை சரிந்து கிடந்ததாம். அந்த இரண்டரை மணி நேரமும் நான் சமையலறையில் நின்றபடி பதினேழு வளைவையும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தேன். வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஹெலிகாப்டரா இருந்தா பாறையாவது ஒண்ணாவது" என்றார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'வாங்கிருவோம்' என்று என் வாய்வரை வந்துவிட்டது.

மழை முடியும்வரை புதன்கிழமை வர வேண்டாம் என்று நானே சொல்லிவிடலாமா? சொன்னால் மகள் மறுபடி என் சேலைக்குப் பின்னால் போய்விடுவாளே. நாங்கள் இருவரும் மேலே குடிபோகலாம் என்றால், அவளுக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி; பக்கத்தில் பள்ளியும் இல்லை. இல்லை, இதெல்லாம் என் வீண் பயம்தானா? மலையில் வேலை பார்க்கும் கணவரும் கீழே படிக்கும் குழந்தையுமாக இருந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அந்த நாற்காலி ஹெலிகாப்டரில் உண்மையிலேயே ஏறியவர்கள் யாராவது இருந்தால், மழையில் அது எப்படி இருக்கும் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் சொன்னால் நல்லது.