வயல் நண்டும் வெள்ளை ஒயினும்

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். பையில், துண்டில் சுற்றிய வெள்ளை ஒயின் பாட்டில் ஒன்று. ஆயிரத்து நூறு ரூபாய். நண்டுக்கு அதுதான் பொருத்தம் என்று நாலு பேர் சொல்லி என் நாக்கைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

பழைய அலுவலக நண்பன் ஏழுமலை இப்போது திருவண்ணாமலையில் வேலை பார்க்கிறான். வயல் நண்டு சாப்பிட ஆசை என்று அவனிடம் கேட்டிருந்தேன். "பௌர்ணமிக்கு வராத. கூட்டம் ஜாஸ்தி, நண்டுலயும் சதை கம்மி. அமாவாசை முடிஞ்ச மறுநாள் வா" என்று சொல்லியிருந்தான். அப்படியே போனேன்.

பத்து மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் இறங்கினேன். வண்டியோடு நின்றிருந்தான். அந்த ஊரில் இருக்கும் அவன் அக்கா வரப்பு வளைகளில் கைவிட்டுப் பிடித்த நண்டுகள் மூடி போட்ட வாளிக்குள் பிறாண்டிக்கொண்டிருந்தன. அங்கிருந்து டவுனுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டைப் பற்றியே பேசினான். "எட்டு மாசம் அலைஞ்சேன்டா. எல்லாரும் எந்த ஆளுங்கன்னு கேட்டாங்க. இந்த வீட்டுக்காரரு ஒருத்தர்தான் கேக்கல. பொண்ணுக்கு ஸ்கூலும் பக்கம்."

அவன் மனைவி சுமதி வாளியைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஓட்டைக் கழற்றி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, குழம்பைச் சுண்ட வைத்தாள். நான் நண்டுக் காலை உறிஞ்சினேன், ஒரு வாய் ஒயின் குடித்தேன். மிளகுக் காரத்தை அந்தப் புளிப்பு தணித்தது. அதன் பின்னால் நண்டின் இனிப்பு மெதுவாக வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு ருசி.

ஒன்றரை மணிக்கு மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி. பாட்டிலைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"ஒயினா சார்? டாக்டரே குடிக்கலாம்னு சொல்றாரு" என்று உட்கார்ந்தார். ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"கடல் நண்டா?"

ஏழுமலைதான் சொன்னான். "இல்ல சார். எங்க அக்கா கழனில புடிச்சது."

வயல் நண்டு, நத்தை என்றால் ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று தெரியாதவர் இல்லை. ஜாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிற பெரிய மனுஷர்கள் சட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவர் மீதி ஒயினையும் நிதானமாகக் குடித்து முடித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஏழுமலை. நாங்களும் கவுச்சி சாப்புடுறவங்கதான். ஆனா இதெல்லாம் நம்ம வீட்டுல வேணாம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. ரெண்டு மாசத்துல வேற எடம் பாத்துக்கங்க."

"நான் கேட்டுத்தாங்க செஞ்சாங்க" என்றேன்.

"நீங்க விருந்தாளி சார், உங்கள ஒண்ணும் சொல்லல" என்றார். டம்ளரை வைத்துவிட்டுப் படியேறிப் போனார். என் ஒயினில் அவருக்கு ஒரு தீட்டும் தெரியவில்லை. நான் எழப் போனேன். வாயைத் திறந்தால் இரண்டு மாதம் இரண்டு நாளாகிவிடும் என்று ஏழுமலை என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"இந்த வீட்டுக்கு வந்து நண்டே செஞ்சதில்லண்ணா. நீங்க ஆசப்பட்டீங்கன்னுதான்" என்றாள் சுமதி. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது மிச்ச நண்டை ஒரு டப்பாவில் போட்டு நீட்டினாள். "எடுத்துனு போங்கண்ணா. இங்க மறுபடியும் சூடு பண்ணா வாசன வரும்."

மறுநாள் காலை என் குடியிருப்பில் அதை அடுப்பில் ஏற்றினேன். வாசனை மூன்று மாடிக்கும் போயிருக்கும். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "நண்டா சார்? ஜமாய்ங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். எந்த நண்டு என்று அவர் கேட்கவில்லை. என்னை யாரும் கேட்டதே இல்லை.