அக்காளின் கண்ணைத் தங்கைக்கு எழுதினேன்

1. மூன்றாவது தடவை

மூன்றாவது தடவை எழுதிய மையையும் கோமதி அழித்துவிட்டாள். புறங்கையால் ஒரே இழுப்பு. கன்னமெல்லாம் கரி. வாசலில் கோச்சு வண்டி வந்து நின்றுவிட்டது. காஸ் லைட்டுக்காரர்கள் காற்றடிக்கிற சத்தம் உள்ளறை வரை கேட்டது. ஊர்வலம் கிளம்ப ஒரு நாழிகை கூட இல்லை.

கல்யாணப் பெண்களுக்குச் சடை தைப்பதும் கண்ணெழுதுவதும் என் வேலை. பெயர் செண்பகம். வீட்டுக்காரருக்குக் கோயில் வாசலில் பூக்கடை. நான் சொல்லுகிற இந்தச் சம்பவத்தின்போது வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. வண்ணார்பேட்டையிலும் டவுனிலும் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் எனக்கு ஆள் வந்துவிடும்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பெண்கள், "யாரு கண்ணையாவது கெடுத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்கிறார்கள். கெடுத்திருக்கிறேன். ஒரு கோடு கூடக் கோணாமல் கெடுத்திருக்கிறேன்.

2. சாயந்தர மை

காலை முகூர்த்தத்துக்கு எழுதுவது வேறு, சாயந்தர ஊர்வலத்துக்கு எழுதுவது வேறு. முகூர்த்தத்தில் ஓமப்புகைக்குக் கண்ணில் தண்ணீர் வடியும். மெல்லிய கோடு போதும். சாயந்தரம் காஸ் லைட் வெளிச்சத்தில் அந்தக் கோடு இருக்கிற இடமே தெரியாது. பெண் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல வெளுத்துத் தெரிவாள். அதனால் தடிமனாக எழுத வேண்டும்.

நெய்யில் குழைத்த மை லைட் சூட்டுக்கு இளகி வழியும். நான் விளக்கெண்ணெயில் குழைத்து, மிளகளவு தேன்மெழுகு உருக்கிச் சேர்ப்பேன். கீழ் இமைக்கு மோதிர விரல். மேல் இமைக்கு வேப்பங்குச்சி, நுனியைத் தேய்த்து வழுவழுப்பாக்கியது. கடைசியில் இமை மயிர். பஞ்சைத் திரியாகத் திரித்து மையில் ஒற்றி, பெண்ணைத் தரையைப் பார்க்கச் சொல்லி, அடியிலிருந்து மேலாக நீவ வேண்டும். இருபது எண்ணுகிற வரை அவள் கண்ணைச் சிமிட்டக் கூடாது.

கோமதிக்கு வட்டக் கண். அந்தக் கண்ணுக்கு வால் நீட்டக் கூடாது. இமை மயிரை நன்றாகக் கறுப்பாக்கிக் கோட்டைக் கடைக்கண்ணிலேயே நிறுத்திவிட வேண்டும். முதல் தடவை நான் அப்படித்தான் எழுதினேன். நன்றாகவே இருந்தது. அவளும் கண்ணாடியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தாள்.

3. ஆச்சி கேட்டது

மாப்பிள்ளை வீடு ஸ்ரீவைகுண்டம். வயலும் வாழையும் உள்ள வீடு. அந்த வீட்டுக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவள் கோமதியின் அக்காள் வடிவு. நாலு வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் அவளுக்கும் நான்தான் கண்ணெழுதினேன். ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அது தவழுகிற வயசில் வாந்திபேதியில் போய்விட்டாள். குழந்தையை வண்ணார்பேட்டைக்குக் கொண்டுவந்து வளர்த்தவள் கோமதி. கோமதிக்கு வயது பதினெட்டு ஆகியிருந்தது, அந்தக் காலத்துக்கு அது அதிகம். சொத்தும் பிள்ளையும் கைமாறாமல் இருக்கட்டும் என்று இரண்டு வீட்டிலும் பேசி, அக்காள் புருஷனுக்கே தங்கையைக் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவை எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கோமதியின் முகத்தை மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னளா எழுதியிருக்கே? வடிவுக்கு எழுதுனியே, வால் நீட்டி, அது மாதிரி எழுது."

"ஆச்சி, அவுகளுக்கு நீளக் கண்ணு. இவுகளுக்கு அது அமையாது."

"அமைய வையி. ஒன்றரை வருசமா எம்மவன் யாருகிட்டயும் முகங்குடுத்துப் பேசல. இன்னைக்காவது அவன் ஒரு தடவை நிமிந்து பாக்கட்டும்." சொல்லும்போது ஆச்சியின் குரல் உடைந்துவிட்டது. பிள்ளை பட்டுப்போவதைப் பார்க்கிற தாயின் குரல் அது. எனக்குக் கோபம் வரவில்லை.

ஆச்சி போன பிறகு, முதலில் எழுதியதை நானே துடைத்துவிட்டு வால் நீட்டி எழுதினேன். கோமதி அழித்தாள். இன்னொரு தடவை எழுதினேன். அதையும் அழித்தாள்.

"செண்பகக்கா, முன்ன எழுதுனியளே, அதையே எழுதுங்க. எங்கண்ணு எனக்கு இருக்கட்டும்."

நான் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் நான் அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆச்சியிடம் போய், "முடியாது, என் கைக்கு வரல" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் என் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வட்டக் கண்ணை நீளக் கண்ணாக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது. தொழில் கர்வம் அப்படித்தான் வந்து நிற்கும்.

கோமதியின் அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து மகள் முன்னால் உட்கார்ந்தாள்.

"கோமு, ஒரு நாளைக்குத்தானே. ஆச்சிக்காக வேண்டாம். எனக்காக எழுதிக்கிடு. நானும் அவளை ஒருக்காப் பாத்துக்கிடுதேன்."

கோமதி என் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

4. கை தப்பவில்லை

காதோர நெற்றிப்பொட்டுப் பக்கம் தோலைப் பெருவிரலால் பைய இழுத்துப் பிடித்து ஒரே மூச்சில் கோட்டைக் கொண்டுபோனேன். மேல் இமையின் நடுவில் மெலிந்து, கடைசியில் தடித்து, மறுபடி ஊசியாக முடிகிற வால். உள்முனையில் மையை இறக்கிவிட்டேன். இமை மயிரில் வெளிப்பக்கம் மட்டும் இரண்டு தடவை நீவினேன். இருபது எண்ணினேன்.

அவள் கண்ணைத் திறந்தபோது எதிரே வடிவு உட்கார்ந்திருந்தாள்.

அம்மாக்காரி மகள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "ஏ வடிவு! எங்க தாயி போயிருந்தே?" என்று கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கல்யாண வீட்டில் அழக் கூடாது. கோமதி அழவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

வாசலில் காஸ் லைட் பகல் மாதிரி எரிந்தது. மாப்பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். ஆச்சி ஆசைப்பட்டபடி நிமிர்ந்துதான் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோமதியைப் பக்கத்தில் ஏற்றி உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குழந்தையைப் பெண் மடியில் வைத்து ஊர்வலம் விடுவதாகப் பேச்சு. ஆச்சி தூக்கிவந்து நீட்டினாள். "பாரு பாப்பா, உங்கம்மா வந்துட்டா!"

குழந்தைக்கு அம்மாவின் முகம் எங்கே நினைவிருக்கும்? ஒன்றரை வருஷமாகச் சோறூட்டித் தூங்க வைத்த முகம் ஒன்றுதான் அதற்குத் தெரியும். அந்த முகத்தை நான்தான் இல்லாமல் செய்திருந்தேன். அது ஒரு கணம் வெறித்துப் பார்த்தது. பிறகு வீறிட்டுக்கொண்டு ஆச்சி தோளில் முகத்தைப் புதைத்தது.

"சித்தி எங்க? சித்திகிட்ட போணும்! சித்தி!"

"நாந்தான் பாப்பா சித்தி," என்று கோமதி கையை நீட்டினாள். குழந்தை அந்தக் கையைத் தட்டிவிட்டது. மேளக்காரர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

கோமதி என்னைத் தேடினாள். "அக்கா, எண்ணெய் கொண்டாங்க."

இந்தத் தடவை நான் யாரிடமும் கேட்கவில்லை. தேங்காயெண்ணெயில் பஞ்சை நனைத்து எடுத்துவந்து வண்டிப்படியில் ஏறி, நானே துடைத்தேன். மெழுகு சேர்த்த மை சீக்கிரம் போகாது. தேய்த்துத் தேய்த்துக் கண்ணைச் சுற்றிச் சிவந்துவிட்டது. அந்தச் சிவந்த வெறுங்கண்ணை எட்டிப் பார்த்துத்தான் குழந்தை தேம்பலை நிறுத்தித் தாவியது. கோமதி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போது அழுதாள்.

"மூளியா எம்மருமவளைத் தெருவில கொண்டுபோக வச்சிட்டியே, இனி இந்தப் பக்கம் வந்துராதே," என்றாள் ஆச்சி. மையில்லாத பெண்ணோடுதான் ஊர்வலம் போனது.

5. ஸ்ரீவைகுண்டத்தில்

அதற்குப் பிறகு அந்தச் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து எனக்கு ஆள் வரவில்லை. நாலைந்து வருஷம் கழித்து ஏரலில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டுத் திரும்பும்போது ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றது. கைகால் கழுவப் படித்துறைக்குப் போனேன். கோமதி துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை, நன்றாக வளர்ந்திருந்தது. கோமதியின் கண்ணில் மை இல்லை.

என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டாள். வீட்டு நலம் எல்லாம் விசாரித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது மேலே கரையிலிருந்து அவள் புருஷன் குரல் கேட்டது.

"ஏ வடிவு! நேரமாகுது, வா."

"இந்தா வாரேன்," என்று பதில் சொன்னாள் கோமதி.

கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு நான் கேட்டேன். "என்ன தாயி, அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுதாக?"

"ஆச்சி கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான் கூப்பிட ஆரம்பிச்சா. பொறவு வீட்ல எல்லாருக்கும் அதுவே வாயில வந்துட்டு." துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "இவ அப்பாவைக் குத்தம் சொல்லக் கூடாதுக்கா. என்கிட்ட ஒரு நாளும் அதட்டிப் பேசுனதில்ல. ஆனா என்னைப் பாத்துப் பேசுனதும் இல்ல. இவ மட்டும் சித்தின்னுதான் கூப்பிடுவா. அது போதும்."

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள். அன்றைக்கு நான் மறுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நடந்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தை முதலில் செய்து காட்டியது என் கை.

வேலைக்கு வருகிற பெண்களே, கோடு கோணினால் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம். அது பெரிய தப்பில்லை. அறையில் இருக்கிற மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, குச்சியைத் தொடும் முன்னால் பெண்ணிடம் கேளுங்கள்: "உனக்கு எப்படி எழுதணும்?" பாதிப் பேருக்குப் பதில் சொல்லத் தெரியாது. அவளிடம் அதுவரை யாரும் எதையும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். வாசலில் வண்டி நின்றால் நிற்கட்டும். அவள் சொல்லுகிற வரை காத்திருங்கள்.