பனியில் ஒரு உப்பு அம்பாரம்

காலை ஐந்தரை மணிக்கு நானும் சவரிமுத்துவும் கப்பல் ஏணியில் இறங்கினோம். 1975, பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஜப்பானின் மேற்குக் கரையில் உள்ள நீகாதா துறைமுகம். மெட்ராஸிலிருந்து இரும்புத் தாது ஏற்றி வந்த எங்கள் கப்பல், பழுது பார்ப்பதற்காக அங்கே நாலு நாள் கட்டிக் கிடந்தது. நான் அதில் கலாசி. தட்டு கழுவுவது, வடம் இழுப்பது, வர்ணம் அடிப்பது என் வேலை. வயது நாற்பத்தாறு. முப்பது வயது வரை மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரினவன். சவரிமுத்து இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன், பெரிய முதலியார்சாவடிக்காரன், இருபத்தெட்டு வயது. நான் ஒரு நாளில் பேசுவதை அவன் ஒரு மூச்சில் பேசிவிடுவான்.

கலாசிகளுக்கெல்லாம் மேஸ்திரியான சாரங்கு ஏணித் தலைப்பில் நின்றிருந்தார்.

"ஏம்பா உப்பு, எங்க கெளம்பிட்ட? பனித் திருவிழாவுக்கா? அஞ்சாங்கிளாசு படிச்சவனுக்கு அங்க இன்னா புரியப் போவுது? வெறச்சிப் போயி பொட்டியிலதான் வருவ."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பதினாறு வருஷமாகக் கப்பலில் என் பெயர் உப்புதான். அந்தப் பெயரில் கூப்பிட்டால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவேன். அன்றைக்கு ஏனோ சிரிக்க வரவில்லை. இறங்கிவிட்டேன்.

கீழே வேனோடு சாத்தோ காத்திருந்தார். கப்பலுக்குக் காய்கறி கொண்டுவரும் டிரைவர். துறைமுகத்தில் பழகிய இங்கிலீஷ் கொஞ்சம் பேசுவார். அவருடைய ஊர் மலைக்குள் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோக்காமாச்சி. முந்தின நாள் முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஊரில் பனித் திருவிழா, வாருங்கள் என்று கூப்பிட்டார். துறைமுக ஆபீசில் வெளியே போவதற்கான சீட்டும் அவரே வாங்கிக் கொடுத்தார். இரவு எட்டு மணிக்குள் நாங்கள் கப்பலில் இருக்க வேண்டும்.

ஆறரை மணிக்கு ஒரு கடையில் ரப்பர் பூட்ஸ் வாங்கினோம். ஜோடி 850 யென், நம் பணத்தில் இருபத்து மூன்று ரூபாய்க்கு மேல். பிறகு சாத்தோ சக்கரங்களில் இரும்புச் சங்கிலி மாட்டினார். எட்டு மணிக்கு மலை ஏறத் தொடங்கினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் பனி சுவராக நின்றது, வேனைவிட உயரமாக. சில வீடுகளில் கீழ்த்தளம் முழுவதும் பனிக்குள் இருந்தது. மாடி ஜன்னல் வழியாக ஆட்கள் நடந்து வெளியே வந்தார்கள். கூரைமேல் கிழவர்கள்கூட ஏறி நின்று மண்வாரியால் பனியைத் தள்ளினார்கள்.

"பஞ்சு மாதிரி இல்லண்ணே?" என்றான் சவரிமுத்து.

"பஞ்சு இல்ல. பாத்தியில புதுசாப் பூத்த உப்பு மாதிரி இருக்குது."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் உப்புதான்!"

பனியைப் பற்றி எழுதுகிறவர்கள் பால் என்பார்கள், பட்டு என்பார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. இருபது வருஷம் வெயிலில் நின்று என் கண்ணைக் கெடுத்துக்கொண்ட வெள்ளை ஒன்று எனக்கு இருக்கிறது. அதை வைத்துத்தான் மற்ற வெள்ளையை அளப்பேன்.

ஒன்பதரை மணிக்கு ஊர் வந்தது. சின்ன ஊர், நம் திண்டிவனத்துக் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தெருக்காரர்களும் தங்கள் தெருமுனையில் பனியால் ஓர் உருவம் செய்திருந்தார்கள். ஒரு தெருவில் கோட்டை, ஒன்றில் மீன், இன்னொன்றில் படுத்துக் கிடக்கும் பெரிய எருது. அதன் மூக்குத் துவாரத்தில் என் முழங்கை நுழையும். விலைக்கு விற்க முடியாத, கோடைக்குத் தாங்காத ஒன்றுக்காக ஊரே பத்து நாள் வேலை செய்திருக்கிறது.

அந்த எருது சாத்தோவின் தெருவுடையது. அதன் பக்கத்திலேயே, விருந்தாளிகள் உருவம் செய்வதற்கென்று பனியைக் கொட்டி மிதித்து ஆளுயரத்துக்கு ஒரு மேடு வைத்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மூன்று பெரியவர்கள் வந்து பார்த்துப் பரிசு சொல்வார்களாம். செய்தவர் மைக்கில், கூட்டத்தின் முன்னால், இது இன்னது என்று சொல்ல வேண்டுமாம்.

"இந்தியா! எலிஃபெண்ட்!" என்று சாத்தோ மூக்குக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டினார்.

"எஸ் சார், எலிஃபெண்ட்!" என்றான் சவரிமுத்து.

"யானை வேணாம்" என்றேன்.

சவரிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை.

"அவுங்க ஆசையாக் கேக்கறாங்கண்ணே."

"நான் யானைய ரெண்டே தடவதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு. உப்பு எத்தினி அம்பாரம் குமிச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. நான் அதத்தான் கட்டப் போறேன்."

"குப்பலா கொட்டி வச்சிட்டு சிற்பம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? சாரங்கு காதுக்குப் போச்சின்னா அடுத்த வருசம் வரைக்கும் ஓட்டுவாரு."

"சிரிக்கட்டும்."

மரப்பலகை ஒன்று கொடுத்தார்கள். காம்பு நீளம், முகம் அகலம். நாங்கள் உப்பு வாரும் பலகைக்குத் தம்பி போல இருந்தது. கையில் பிடித்ததும் கூச்சமெல்லாம் போய்விட்டது. பன்னிரண்டு அடி நீளம், கீழ்ப்பக்கம் அகலம், மேலே வர வரக் குறுகி, உச்சியில் நூல் பிடித்தது போல ஒரு முகடு. பலகையின் முதுகால் இரண்டு சரிவையும் தட்டிக்கொண்டே வந்தேன். மரக்காணத்தில் அம்பாரத்தைப் பார்த்து முதலாளி யார் என்று கேட்பார்கள். குமித்தவன் யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பதினொன்றரை மணி இருக்கும். சாத்தோவின் மனைவி ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, முகட்டின் மேல் ஊற்றப் போனார். நான் பாய்ந்துபோய் வாளியைப் பிடித்துவிட்டேன்.

"ஊத்தாதம்மா! கரஞ்சிடும்!"

பாதித் தண்ணீர் என் பூட்ஸுக்குள் போனது. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வாளியில் பனியை அள்ளிப் போட்டுக் குழைத்து, எருதின் காதில் இருந்த ஒரு விரிசலில் அப்பிக் காட்டினார். சுண்ணாம்புச் சாந்து போல அது இறுகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால்தான் நிற்குமாம். புரிந்தது. ஆனாலும் என் அம்பாரத்துக்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஒரு மணிக்குத் தெருக்கடையில் நூடுல்ஸ். ஒரு கிண்ணம் 250 யென். சவரிமுத்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். எனக்கு மைக்கை நினைத்துப் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

இரண்டு மணிக்குப் பெரியவர்கள் வந்தார்கள். சுற்றிலும் நூறு பேருக்கு மேல். மைக்கை என் முன்னால் நீட்டினார்கள். எங்கள் மாதா கோயிலில் வேத வாசகம் வாசிக்கச் சொன்னாலே கடைசி பெஞ்சுக்குப் போகிறவன் நான். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சவரிமுத்து பொறுத்துப் பார்த்தான். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"சர்ச் சார்! இந்தியா சர்ச் ரூஃப்!"

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் நோட்டில் எழுதப் போனார். சர்ச் என்பது எனக்கும் தெரிந்த வார்த்தை.

"இல்ல" என்றேன். மைக்கில் அது மிகப் பெரிதாகக் கேட்டது. "சர்ச் இல்ல. உப்பு."

"அண்ணே, வுடுங்க. எழுதிட்டுப் போயிடுவாங்க."

விடவில்லை. நூடுல்ஸ் கடைக்குப் போய் உப்பு ஜாடியைக் காட்டிக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு கல்லை என் நாக்கில் வைத்தேன். இன்னொன்றைப் பெரியவரின் கையில் வைத்தேன். அவர் சுவைத்துப் பார்த்துவிட்டு அம்பாரத்தைப் பார்த்தார். இன்னும் விளங்கட்டும் என்று, மிச்ச உப்பை முகட்டின் மேல் கைநிறையத் தூவினேன்.

"நோ! நோ!" என்று சாத்தோ கத்தினார்.

ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. முகடு குழி விழுந்தது. குழியிலிருந்து தண்ணீர் சரிவில் ஓடி, நான் தட்டி வைத்த பக்கத்தை அறுத்தது. பனியில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயமாம். உப்பில் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் தண்ணீர் உப்பைத் தின்னும். அங்கே உப்பு பனியைத் தின்றது. கூட்டம் சிரித்தது.

"போச்சி. வாங்கண்ணே, வேன்ல போயி குந்திக்கலாம்" என்றான் சவரிமுத்து.

போயிருக்கலாம். காதெல்லாம் எரிந்தது. ஆனால் அந்தக் கோலத்தில் அதை விட்டுவிட்டுப் போனால், காலையில் சாரங்கு சொன்னது சரியாகிவிடும். பலகையை எடுத்தேன். உப்புப் பட்ட பனியை மொத்தமாக வெட்டி ஓரத்தில் எறிந்தேன். பிறகு சாத்தோவின் மனைவியிடம் போய் வாளிக்குக் கையை நீட்டினேன்.

கொடுத்தார். ஆனால் எனக்குக் கை சாயவில்லை. ஐப்பசி மழையில் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி அம்பாரத்தை மூடின கை அது. ஒரு சொட்டு விழவிடக் கூடாது என்று பழகின கை. அதைக்கொண்டு நானே என் அம்பாரத்தின் தலையில் தண்ணீரை ஊற்றினேன். பனியைக் குழைத்து வைத்துத் தட்டினேன். முகடு எழும்பியது. பெரியவர்கள் நகரவில்லை. சிரிப்பும் நின்றிருந்தது.

மைக்கை நானே கேட்டு வாங்கினேன்.

"எனக்கு ஊரு மரக்காணம். இது உப்பு அம்பாரம். எங்க ஊர்ல உப்ப இப்படித்தான் குமிப்போம். நான் குமிச்சது."

இந்தத் தடவை சவரிமுத்து திருத்தமாகச் சொன்னான். "சால்ட், சார். ஹிஸ் வொர்க். சர்ச்சுன்னது நான் வுட்ட பொய்." கடைசி வாக்கியத்தைத் தமிழிலேயே சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பரிசு எருதுக்குப் போனது. அது நியாயம்தான்.

மூன்றரை மணிக்குப் புறப்படும்போது சாத்தோவின் மனைவி ஏதோ கேட்டார். மழைக்கு இதை உங்கள் ஊரில் எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்கிறாள் என்றார் சாத்தோ. பனை ஓலை வேய்வோம் என்று கையால் காட்டினேன். வேன் திரும்பும்போது பார்த்தேன்: அந்த அம்மா வைக்கோல் பாய் ஒன்றைக் கொண்டுவந்து முகட்டின் மேல் விரித்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில் வந்தால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? மரக்காணத்திலும் நாங்கள் ஓலை வேய்கிறோம். ஆனாலும் சில வருஷம் மழைதான் ஜெயிக்கிறது. தை பிறந்ததும் மறுபடி பாத்தி மிதிக்கத்தான் போகிறோம். அந்த ஊர்க்காரர்களும் எங்களைப் போலத்தான். அவர்களுக்கு வெயில் எதிரி, எங்களுக்கு மழை.

ஏழேகாலுக்குக் கப்பல். ஏணித் தலைப்பில் அதே சாரங்கு.

"இன்னாடா உப்பு, உசுரோட வந்துட்ட?"

"ஆமா, உப்புதான்" என்றேன். "அங்க மைக்குல சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் சவரிமுத்துவைப் பார்த்தார். பேச்சுக்காரன் சவரிமுத்து, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். நான் பூட்ஸைக் கழற்றி, உள்ளே இன்னும் தங்கியிருந்த வாளித் தண்ணீரைக் கடலில் கொட்டினேன்.