மூன்று அங்குலம் அதிகம்

என் அம்மா வெல்டா யோர்கன்சன் முப்பத்தொரு வருடம் முட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவள். மேற்கு அயோவாவில், எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் பின்கட்டில் ஜன்னலில்லாத ஓர் அறை. தகர டப்பாவுக்குள் விளக்கு, டப்பாவில் ஒரு துளை. முட்டையைத் துளைமேல் வைத்து ஒரு திருகு திருகினால் உள்ளே இருப்பது தெரியும். ரத்தப் புள்ளி இருந்தால் இடது பக்கம், இல்லாவிட்டால் வலது பக்கம். ஒரு முட்டைக்கு ஒரு மூச்சு நேரம்கூட அவளுக்குத் தேவைப்படாது.

பிறகு அந்தக் கண்களே நடுவிலிருந்து கெட்டுப்போயின. எழுபத்தெட்டு வயதில் எதைப் பார்த்தாலும் ஓரம் மட்டும்தான் தெரிந்தது.

"மூஞ்சி தெரியலடி ஜோலீன், காதுதான் தெரியுது. அது உங்கப்பா காது. பாவம், ஒண்ணும் பண்ண முடியாது" என்பாள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான். பெயர் டேல். 1961 ஏப்ரலில் ஒன்பது நாள் இருந்தான். அந்த செப்டம்பரில் அம்மா தபாலில் ஒரு பியோனிக் கிழங்கு வரவழைத்து, பண்ணை வீட்டின் தெற்குச் சுவரோரம் நட்டாள். வெள்ளைப் பூ. நடு இதழ்களில் மட்டும் சிவப்பாக இரண்டு மூன்று தெறிப்பு. முட்டைக்குள் அதைக் கண்டால் ஒதுக்கிவிடுகிறவள், பூவில் அதைத்தான் தேடி வாங்கினாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை எங்கள் பக்கத்தில் எல்லாரும் கல்லறைகளுக்குப் பூ கொண்டுபோவார்கள். பியோனி அந்தத் தேதிக்குக் காத்திருக்காது. வெயில் முந்தினால் பத்து நாள் முன்பே பூத்து உதிர்ந்துவிடும். அதனால் மொட்டிலேயே வெட்டிவிடுவோம். கட்டைவிரலால் அழுத்தினால் தோலுரித்த அவித்த முட்டைபோல இருக்க வேண்டும், அதுதான் பதம். வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைத்தால் இரண்டு வாரம் தூங்கும். தண்ணீரில் வைத்த மறுநாள் விரியும்.

"என் பீரை எங்கடி வெச்சே?" என்று அப்பா வருடம் தவறாமல் கேட்பார்.

"கிணத்துல தொங்குது. நீங்களும் கூடவே தொங்குங்க, குளுகுளுன்னு இருக்கும்."

திங்கட்கிழமை காலையில் துத்தநாக வாளியோடு போவோம். டேலின் கல் சிறியது, ஒரு ரொட்டி அளவு. அம்மா வாளியை இறக்கிவைத்து, ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியம் சொல்வாள்: "டேல், நம்ம வீட்டுப் பூ." அவ்வளவுதான். பிறகு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சாலட் செய்வாள். அப்பா போனபின் அவருக்கும் அதே வாளியிலிருந்துதான்.

2015இல் பண்ணையை விற்றோம். வாங்கியவர் வீட்டை இடித்துச் சோளம் போடுவதாகச் சொன்னார். அம்மா எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு சிறிய குடியிருப்புக்கு வர ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை.

"தூரைப் பேத்து உன் வாசல்ல வெச்சுடு. செப்டம்பர்ல செய். அதுக்கு முன்னாடி கை வைக்காதே."

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை போனோம். ஐம்பத்துநாலு வருடத் தூர், டிராக்டர் சக்கரம் அளவு அகலம். தண்டுகளை ஒட்ட வெட்டினேன். சுற்றிலும் ஒன்றரை அடி தள்ளி மண்வாரியை இறக்கி, கடப்பாரையால் நெம்பி, தார்ப்பாய்மேல் இழுத்துப் போட்டேன். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். கழுவின உடனே வெட்டக்கூடாது, கிழங்கு கண்ணாடி மாதிரி உடையும் என்றாள். ஒரு மணி நேரம் நிழலில் கிடந்து துவண்டது.

அதன்பின் அவள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் தூரைத் தடவத் தொடங்கினாள். கிழங்கின் தலையில் இளஞ்சிவப்பாக முளைக்கண்கள் நிற்கும், அடுத்த வருடத் தண்டுகள் அவைதான். அவள் அவற்றை எண்ணினாள்.

"இங்க அஞ்சு கண்ணு. இந்த இடுக்குல ரம்பத்தைப் போடு. இல்லடி, இன்னும் இந்தப் பக்கம்... ஆங். இங்க நாலு. இது வேண்டாம், தூக்கிப் போடு."

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"உள்ள கூழ். வெட்டித்தான் பாரேன்."

வெட்டினேன். கூழ். வெளிச்சத்தில் முட்டை பார்த்த அதே வேகத்தில் இருட்டில் கிழங்கு பார்த்தாள். நல்ல துண்டுகள் மூன்று தேறின.

என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. மேற்கே மேகம் கறுத்திருந்தது. அவளைக் காரிலேயே உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, குழி தோண்டினேன்.

"ரெண்டு கணு ஆழம் ஜோலீன். கண்ணுக்கு மேல மண்ணு உன் விரல்ல ரெண்டு கணுதான்."

"தெரியும்மா."

எனக்குத் தெரிந்தது வேறு. நான் சாலைத் துறையில் மண் பரிசோதிக்கிறவள். எங்கள் பக்கத்தில் உறைபனி மூன்றரை அடி இறங்கும். தண்ணீர்க் குழாயானாலும் பாலத்து அஸ்திவாரமானாலும் பனிக்குக் கீழே புதை என்பதுதான் இருபத்தாறு வருடமாக எனக்குப் பழக்கம். புதிதாக வெட்டிய கிழங்கு, காயம் ஆறாதது, மேலாக வைத்தால் உறைந்து செத்துப்போகும் என்று நினைத்தேன். ஆழமாகத் தோண்டினேன். எலும்புத்தூள் போட்டு, கிழங்கை வைத்து, மண்ணை அடுக்கடுக்காக மிதித்து இறுக்கினேன். மேலே ஒரு கட்டு வைக்கோல் பரப்பினேன்.

"என்னை இறக்கி விடுடி. கையை விட்டுப் பாக்கறேன்."

"மழை வருதும்மா."

"ஒரு நிமிஷம்தான்."

"மண்டி போட்டா யாரு உன்னை எழுப்பறது? இடுப்பு இருக்கற லட்சணத்துல? மண்ணை அளக்கறதுதான் என் வேலை. கொஞ்சம் சும்மா இரேன்."

அவள் சும்மா இருந்தாள். கண்ணாடியை அவளே ஏற்றிக்கொண்டாள்.

முதல் வசந்தத்தில் இலை நன்றாக வந்தது, மொட்டு இல்லை. அம்மா கவலைப்படவில்லை. "இடம் மாத்தின வருஷம் வந்தாலும் கிள்ளிடணும். வேருக்குப் போகட்டும்" என்றாள். அந்த மே மாதம் கடையில் சாமந்தி வாங்கிக் கல்லறைக்குப் போனோம். அவள் டேலிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் வருடமும் இலை மட்டும்தான். "கோவமா இருக்கு" என்றாள். மீண்டும் சாமந்தி.

அந்தக் குளிர்காலத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனாள். மூன்றாம் வருட மே மாதத்தில் நான் போகும்போதெல்லாம் கோட்டைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"மொட்டு வந்துச்சா?"

இலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன். மூன்று தூரிலும் முழங்கால் உயரம் பச்சை, ஒரு மொட்டுகூட இல்லை. இரண்டு முறை "இன்னும் பாக்கலை" என்றேன். மூன்றாம் முறை அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "வந்துடுச்சும்மா" என்றேன்.

அதன்பின் அதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. ஒமாஹாவுக்கு எழுபது மைல் ஓட்டிப்போய் பெரிய பூக்கடையில் வெள்ளைப் பியோனி மொட்டு பதினொன்று வாங்கினேன். சிவப்புத் தெறிப்பு இல்லாத வகை, அவளுக்கு அது தெரியப்போவதில்லை. பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். எங்கள் ஊர்ச் செய்தித்தாளில் சுற்றினேன். கடைக்காரர்கள் நேராக வெட்டியிருந்த அடித்தண்டுகளைக் கத்தரியால் கோணலாக வெட்டினேன். பாலத்து வரைபடத்தைச் சரிபார்ப்பதுபோல எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தை அவள் மடியில் வைத்தேன். பிரித்தாள். ஒரு மொட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். முகர்ந்தாள். பிறகு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். எதற்கோ காத்திருப்பதுபோல.

"எறும்பு எங்கடி?"

பியோனி மொட்டில் ஓர் இனிப்புப் பிசின் கசியும். எறும்பில்லாத மொட்டு எந்த வாசலிலும் கிடையாது. நான் அதை மறந்திருந்தேன்.

"வெளியிலயே தட்டிட்டேம்மா."

"எவ்வளவு தட்டினாலும் ஒண்ணு ரெண்டு உள்ள வந்துடுமே. உங்கப்பா காபியில ஒண்ணு நீச்சல் அடிச்சுதே."

"இந்தத் தடவை நல்லாத் தட்டினேன்."

"ம்." கையை மூடித் திறந்தாள். "எத்தனை பூத்துச்சு?"

"பதினொண்ணு."

"மூணாவது வருஷத்துக்குப் பரவாயில்லையே. கெட்டிக்காரி."

மறுநாள் சக்கர நாற்காலியில் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வாளியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சிறிய கல்லுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

"டேல்," என்றாள், "ஜோலீன் கொண்டுவந்த பூ."

எனக்கு அது கேட்டது. கேட்காததுபோல நாற்காலியின் சக்கரத்தில் ஒட்டிய புல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதே, அங்கேயே சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லியிருக்கலாம். ஜூன், ஜூலை முழுக்க இருந்தது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஃபெர்ன் என் எதிரே வந்து உட்கார்ந்தார். முட்டை அறையில் அம்மாவுக்குப் பக்கத்து விளக்கில் வேலை பார்த்தவர். எண்பது வயது, யாரையும் விட்டுவைக்காத வாய்.

"சாண்ட்விச் எடுத்துக்கோ. கோழிக்கு வெச்ச தீனி மாதிரி கொறிக்காதே."

"பசிக்கல ஃபெர்ன்."

"அப்ப இதைச் சொல்லு. செடியை எவ்வளவு ஆழத்துல வெச்சே?"

நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்கம்மா கார்ல உக்காந்து, நீ மண்வெட்டி போட்ட சத்தத்தை எண்ணிக்கிட்டு இருந்தா. 'கிழங்குக்கா தோண்டறா? எனக்கே தோண்டற மாதிரி இருக்கே'ன்னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சா."

"உங்ககிட்ட சொன்னதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவை சொன்னாளாமே? நீ சும்மா இருன்னியாமே?"

தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"குளிர் பட்டாத்தான் அந்தக் கண்ணு பூக்கும் பொண்ணே. நீ அதைக் கம்பளி போத்தித் தூங்க வெச்சிருக்கே."

"ஃபெர்ன், போன மே மாசம் பூ..."

"கடைப் பூ. அதுவும் தெரியும். 'பாவம், அவ்வளவு தூரம் ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருக்கா, பதினொண்ணுன்னு கணக்கு வேற சொல்றா'ன்னா." அவர் தன் தட்டிலிருந்த ஊறுகாய் வெள்ளரித் துண்டை என் தட்டில் வைத்தார். "சாப்பிடு."

ஐந்து வாரம் பொறுத்து, செப்டம்பரில் வைக்கோலை ஒதுக்கினேன். மண்வெட்டி எடுக்கவில்லை, கையால்தான் தோண்டினேன். முதல் கண் தட்டுப்பட்டதும் மேலே குறுக்காக ஒரு சட்டத்தை வைத்து, எஃகு நாடாவை இறக்கினேன். ஐந்தேகால் அங்குலம். அடுத்தது ஐந்து. மூன்றாவதும் ஐந்து. இரண்டு கணு என்றால் இரண்டு அங்குலம். மூன்று அங்குலம் அதிகம். என் வேலையில் அரை அங்குலம் பிசகினால் சாலையைப் பெயர்த்துத் திரும்பப் போடச் சொல்லிக் கையெழுத்திடுவேன்.

கிழங்குகள் செத்திருக்கவில்லை. கண்கள் இளஞ்சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்தன. மூன்று வருடமும் அவை நன்றாகவே இருந்திருக்கின்றன.

தூக்கி, குழியைப் பாதி நிரப்பி, திரும்ப வைத்தேன். அளவு நாடாவை உள்ளே வைத்துவிட்டு, மண்டியிட்டு ஆட்காட்டி விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன். இரண்டு கணு. எழுந்திருக்க எனக்கே வேலிக் கம்பி தேவைப்பட்டது. வைக்கோல் போடவில்லை. அந்த ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி போனது. இரவெல்லாம் அதைப் போய் மூடாமல் இருந்ததுதான் சிரமம்.

மே பன்னிரண்டாம் தேதி, நடுத் தூரில் ஒரே ஒரு மொட்டு வந்திருந்தது. பட்டாணி அளவு, பச்சை. அதன்மேல் ஓர் எறும்பு சுற்றிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டேன். பதினைந்து நாளில் பதம் வரும், கல்லறை நாளுக்குச் சரியாக இருக்கும். ஆனால் இது இடம் மாறிய வருடம். வந்தாலும் கிள்ளிடணும். இரண்டு நாள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். அம்மாவுக்கு அந்தப் பூவைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு இருந்தது. அது அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் எறும்பை ஊதிவிட்டு, நகத்தால் கிள்ளினேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

திங்கட்கிழமை வாளியை எடுத்துக்கொண்டு போனேன். ஃபெர்ன் தன் கணவரின் கல்லருகே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"காலி வாளியைத் தூக்கிக்கிட்டு எங்க போற?"

"ஒண்ணு வந்துச்சு. கிள்ளிட்டேன்."

"போ, போய்ச் சொல்லு" என்றார்.

அம்மாவின் கல் டேலுக்கும் அப்பாவுக்கும் நடுவில். வாளியைக் கீழே வைத்தேன்.

"டேல், இந்த வருஷம் பூ இல்ல" என்றேன். பிறகு அந்தப் பக்கம் திரும்பினேன். "போன வருஷமும் இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல."

குழாயடியிலிருந்து யாரோ வாளியில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.